கப்பலைக் கரை சேர்த்த கெட்டாரியா மாலுமி!

கடல் வழியாக உலகைச் சுற்றியவர் யார் என்று வகுப்பில் கேட்டால், மெகல்லன் என்று உடனே சொல்வீர்கள். அவர் பாதி வழியிலேயே இறந்து போனார் என்பது தெரியுமா குழந்தைகளே? பயணத்தை முடித்து வைத்தவர், யுவான் செபாஸ்டியன் எல்கானோ.

ஸ்பெயினின் வட கோடியில், பாஸ்க் மக்கள் வாழும் பகுதியில் இருக்கிறது கெட்டாரியா என்ற சின்னஞ்சிறு கடற்கரை ஊர். ஊரை ஒட்டிய குன்று, தொலைவிலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் எலியைப் போலத் தெரியும். மீன்பிடிப்பும் திமிங்கல வேட்டையுமே அன்று இவ்வூரின் தொழில். இங்குதான் 15ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எல்கானோ பிறந்தார்.

இளமையிலேயே சொந்தக் கப்பல் வைத்திருந்தார். அரசுக்காகக் கப்பல் ஓட்டியும் உரிய பணம் கைக்கு வரவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. வேறு வழியின்றி, வெளிநாட்டு வணிகர்களிடம் கப்பலைக் கொடுத்து விட்டார். அன்றைய சட்டப்படி அது குற்றம்!

இந்நிலையில், 1519ல் மெகல்லனின் பயணத்தில் சேர்ந்தார். 5 கப்பல்கள், சுமார் 240 பேர். 1520ல் தென் அமெரிக்கக் கரையில் மெகல்லனுக்கு எதிராகக் கலகம் மூண்டது. எல்கானோவும் அதில் பங்கு கொண்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் மன்னிக்கப்பட்டார்.

பசிபிக் கடலைக் கடக்க மூன்று மாதங்களுக்கு மேல் ஆயிற்று. உணவு தீர்ந்ததால் எலிகளையும், ஊற வைத்த தோலையும் தின்றனர். 1521 ஏப்ரல் 27ல், இன்றைய பிலிப்பைன்ஸில் நடந்த சண்டையில் மெகல்லன் கொல்லப்பட்டார். பின்னர், விக்டோரியா கப்பலுக்கு எல்கானோ தலைவரானார்.

கிராம்பு மூட்டைகளை ஏற்றிக் கொண்டு, சுமார் 60 பேருடன் மொலுக்காஸ் தீவுகளில் இருந்து கிளம்பினார். போர்ச்சுகீசியர் கண்ணில் பட்டால் சிறைதான். எனவே, துறைமுகங்களைத் தவிர்த்து, இந்தியப் பெருங்கடலின் தென் பகுதியிலேயே சென்றார். கப்பலில் ஓட்டை, இரவும் பகலும் தண்ணீரை இறைத்தனர். பசியாலும் நோயாலும் பலர் மடிந்தனர்.

உணவு வாங்க கேப் வெர்டே தீவில் நின்றபோது ஒரு வியப்பு! கப்பல் கணக்கில் புதன், கரையிலோ வியாழன். சூரியன் செல்லும் திசையிலேயே உலகைச் சுற்றியதால், ஒரு நாள் கணக்கில் குறைந்திருந்தது. அங்கே 13 பேர் போர்ச்சுகீசியரிடம் சிக்கினர். அவர்களை விட்டு விட்டுத் தப்ப வேண்டியதாயிற்று.

1522 செப்டம்பர் 6ல், தன்னையும் சேர்த்து 18 பேராக ஸ்பெயின் திரும்பினார் எல்கானோ. அன்றே மன்னருக்குக் கடிதம் எழுதினார். சிறைப்பட்ட அந்த 13 பேரையும் மீட்டுத் தரும்படி அதில் வேண்டினார். பின்னர் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். மன்னர் முதலாம் சார்லஸ், பழைய குற்றத்தை மன்னித்து, உலக உருண்டை பொறித்த சின்னத்தை வழங்கிச் சிறப்பித்தார். ஆண்டுக்கு 500 தங்கக் காசு ஓய்வூதியமும் அறிவித்தார். அந்தப் பணம் மட்டும் அவர் கைக்கு வரவே இல்லை!

1525ல் மீண்டும் கடலேறிய எல்கானோ, 1526 ஆகஸ்டில் பசிபிக் கடலில் நோயுற்று இறந்தார். கடலே அவருக்குக் கல்லறையானது.

இன்று கெட்டாரியாவுக்குச் செல்வோர், கடற்கரையில் விளையாடி விட்டு, பழமையான சான் சால்வடார் தேவாலயத்தையும், எல்கானோவின் சிலையையும் பார்க்கின்றனர்.

தவறு செய்தவர்தான் எல்கானோ. ஆனால், வெற்றி பெற்ற நாளிலும் உடன் வந்தவர்களை அவர் மறக்கவில்லை. நாமும் அப்படி இருக்கலாம் அல்லவா குழந்தைகளே!