வி. எஸ். சீனிவாச சாஸ்திரி

வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரி (செப்டம்பர் 22, 1869 - ஏப்ரல் 17, 1946) இந்திய அரசியல்வாதி, கல்வியாளர், பேச்சாளர் மற்றும் அரசதந்திரி ஆவார். பிரித்தானிய இந்தியாவின் பேராளராகப் பல நாடுகளுக்குச் சென்று, கடல் கடந்து வாழ்ந்த இந்தியரின் உரிமைகளுக்காக வாதாடியவர். ஆங்கிலச் சொல்வன்மையால் வெள்ளிநாக்குப் பேச்சாளர் எனப் புகழ் பெற்றார்.

இளமையும் ஆசிரியப் பணியும்

தற்போதைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள வலங்கைமானில் பிறந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பட்டம் பெற்று ஆசிரியரானார். பின்னர் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். 1904 இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் உருவாக உதவினார்.

பொது வாழ்வு

1907 இல் கோபால கிருஷ்ண கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915 இல் கோகலே இறந்தபின் அதன் தலைவரானார். மிதவாதியான இவர், பிரித்தானியப் பேரரசுக்குள்ளேயே இந்தியர் சம உரிமை பெற இயலும் என நம்பினார். எனினும் 1919 இல் ரௌலட் மசோதாக்களை இம்பீரியல் சட்டமன்றத்தில் கடுமையாக எதிர்த்தார்.

அரசதந்திரப் பணிகள்

1921 இல் இலண்டனில் நடந்த பேரரசு மாநாட்டிலும் உலக நாடுகள் சங்கத்திலும் இந்தியாவின் சார்பில் கலந்து கொண்டார். அதே ஆண்டு பிரிவி கவுன்சில் உறுப்பினரானார். 1922 இல் வாசிங்டன் கடற்படை உடன்படிக்கையில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டார். அவ்வாண்டே ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளில் பயணம் செய்து அங்குள்ள இந்தியருக்குச் சம உரிமை கோரினார். ஆஸ்திரேலியாவில் குடியிருந்த இந்தியருக்கு 1925 இல் கூட்டாட்சித் தேர்தல் வாக்குரிமை கிடைத்தது.

1923 இல் கென்ய இந்தியருக்காக இலண்டனில் வாதாடினார். ஆனால் பிரித்தானிய அரசு மேட்டுநிலங்களை வெள்ளையருக்கே ஒதுக்கியது. பொது வாக்காளர் பட்டியலையும் மறுத்தது. இம்முடிவு பேரரசின் மீதான இவரது நம்பிக்கையைப் பெரிதும் தளர்த்தியது.

தென்னாப்பிரிக்கா

கேப் டவுனில் நடந்த வட்டமேசை மாநாட்டின் பயனாக 1927 இல் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியரைத் தனிப் பகுதிகளில் ஒதுக்கும் மசோதாவை அந்நாட்டு அரசு கைவிட்டது. விரும்புவோர் அரசு உதவியுடன் இந்தியா திரும்பவும், தங்குவோரின் கல்வியும் வாழ்க்கைத் தரமும் உயரவும் உடன்பாடு வழி செய்தது. தாயகம் திரும்பும் திட்டம் இந்தியரை வெளியேற்றும் வழியே எனப் பலர் குறை கூறினர்.

காந்தியின் விருப்பத்தை ஏற்று, 1927 இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவரானார். டர்பனில் இந்திய மாணவருக்கான உயர்நிலைப் பள்ளி அமைய இந்தியரிடையே நிதி திரட்டினார். 1929 இல் திறக்கப்பட்ட அப்பள்ளி சாஸ்திரி கல்லூரி எனப் பெயர் பெற்றது.

பிற்காலம்

1930, 1931 ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் பங்கேற்றார். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1936 இல் மலாயா சென்று தோட்டத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்தார். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். இவரது அறிக்கை தோட்ட முதலாளிகளுக்குச் சாதகமானது என அங்குள்ள இந்தியர் பலர் கருதினர்.

அரசியலில் மாறுபட்டபோதும் காந்தியுடன் கொண்ட நட்பு இறுதிவரை நீடித்தது. 1946 ஏப்ரல் 17 இல் சென்னையில் காலமானார். அதே ஆண்டு சூன் மாதத்தில் தென்னாப்பிரிக்கா இந்தியரின் நில உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றியது. கைவிடப்பட்ட ஒதுக்கல் கொள்கை இவ்வாறு மீண்டது. சாஸ்திரி கல்லூரி தொடர்ந்து இயங்கிப் பல தலைமுறை இந்தியருக்குக் கல்வி அளித்தது.