ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்காவிலிருந்து ஐஸ் அனுப்பியவர்... யார் இந்த ஃபிரெடரிக் டியூடர்?

சென்னை மெரினா எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ் தெரியாதவர்கள் குறைவு. ஆனா அங்கே இருந்த ஐஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவிலிருந்து, கப்பலில்! ஃபிரிட்ஜே இல்லாத காலத்தில் இதைச் செய்து காட்டியவர் ஃபிரெடரிக் டியூடர்.

1783-ல் பாஸ்டனில் ஒரு வக்கீல் குடும்பத்தில் பிறந்தவர். 13 வயதிலேயே படிப்பை விட்டுவிட்டார். குளிர்காலத்தில் உறைந்து சும்மா கிடக்கும் ஏரி ஐஸை வெட்டி, வெயில் ஊர்களில் விற்றால் என்ன என்று ஒரு யோசனை. 1806-ல் சுமார் 130 டன் ஐஸை ஏற்றிக்கொண்டு கரீபியன் தீவான மார்ட்டினிக்குக்குக் கிளம்பினார். ஊரே சிரித்தது.

ஐஸ் என்னவோ போய்ச் சேர்ந்துவிட்டது. இறக்கி வைக்கத்தான் கிடங்கு இல்லை. கரைந்தது ஐஸ், கூடவே முதலும். அடுத்த சில ஆண்டுகளில் கடன் கழுத்தை நெரிக்க, சிறைக்கும் போய் வந்தார்.

ஐஸ் ஏன் உடனே கரையவில்லை?

காஞ்சிபுரம் ஓரிக்கை பக்கம் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்களுக்கு, ஒரு கொப்பரைத் தண்ணீரைச் சூடாக்க எவ்வளவு விறகு போகும் என்பது நல்லாவே தெரியும். தண்ணீரின் தன் வெப்ப ஏற்புத்திறன் அவ்வளவு அதிகம். ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்றவே 4.18 ஜூல் வேண்டும்.

ஐஸ் அதையும் தாண்டியது. 0 டிகிரி ஐஸ் ஒரு கிராம், அதே 0 டிகிரியில் தண்ணீராக மாறவே சுமார் 334 ஜூல் தேவை. அதாவது, ஒரு கொப்பரை ஐஸை உருக்கும் வெப்பத்தில், அதே எடை தண்ணீரை 0-விலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரிக்குச் சூடாக்கிவிடலாம்! பள்ளிப் பாடத்தில் இதற்குப் பெயர் உள்ளுறை வெப்பம். வேதியியலில் உருகுதலின் எந்தால்பி மாற்றம். டியூடர் பிறப்பதற்கு முன்பே, ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் இதைக் கண்டுபிடித்திருந்தார்.

அந்த வெப்பம் உள்ளே போவதைத் தாமதப்படுத்துவதுதான் டியூடரின் வேலை. பல வருஷம் பல பொருளைப் போட்டுப் பார்த்து, கடைசியில் மரத்தூளைப் பிடித்தார். மர ஆலைக்காரர்களுக்குக் குப்பை, இவருக்குத் தங்கம். தூளுக்கு நடுவே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஐஸைப் பாளம் பாளமாக, இடைவெளி இல்லாமல் அடுக்கியதால் காற்று படும் பரப்பும் குறைந்தது.

1833 மே மாதம் 180 டன் ஐஸோடு டஸ்கனி என்ற கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நாலு மாசப் பயணம், நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டணும். செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம்!

அப்பவும் நிம்மதி இல்லை. காபி வியாபாரத்தில் சூதாட்டம் மாதிரி இறங்கி, 2 லட்சம் டாலருக்கு மேல் கடனாளி ஆனார். அதை அடைக்கக் கைகொடுத்தது இந்திய ஐஸ்தான். 1842-ல் மெட்ராஸ் கடற்கரையில் அவருடைய ஐஸ் கிடங்கு எழுந்தது. கடனை அடைத்து, பணக்காரராகவே 1864-ல் இறந்தார்.

பிறகு இயந்திரத்தில் இங்கேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் கப்பல் ஐஸுக்கு வேலை போனது. கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் இங்கேதான். இப்போது அது விவேகானந்தர் இல்லம். ஆனாலும் அந்தப் பகுதிக்கு மக்கள் வாயில் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான் பெயர்.