அடுப்பின் மேல் உறங்கிய மாணவன்



ஆண்டுதோறும் சனவரி 31 அன்று புனித தொன் போஸ்கோவின் விழாவைக் கொண்டாடுகிறோம். சிறுவர்கள் புடைசூழச் சிரித்த முகத்தோடு நிற்கும் அவரது படத்திற்கு மாலை அணிவிக்கிறோம். மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் போட்டிகள் வைத்து இனிப்பு வழங்குகிறோம். ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் குருவானவர், பள்ளியில் படிக்கிற வயதில் தலைசாய்க்க ஒரு சொந்த இடம் இல்லாமல் இருந்தவர் என்பதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை. அவர் பிற்காலத்தில் செய்த பணிகளுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது.

வட இத்தாலியின் பியத்மாந்து பகுதியில் பெக்கி என்னும் குக்கிராமத்தில் 1815 ஆகஸ்டு 16 அன்று யோவான் போஸ்கோ பிறந்தார். இரண்டு வயது நிறைவதற்குள் தந்தை நிமோனியாக் காய்ச்சலில் இறந்துபோனார். தாய் மார்கரீத்தாவின் கையில் இரண்டு சிறு பிள்ளைகள், வயதான மாமியார், கணவரின் முதல் தாரத்து மகன் அந்தோனி. யோவானுக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை. அந்தோனிக்கோ நிலத்தில் மண்வெட்டி பிடிக்க ஆள் வேண்டும். சில நூல்களில் அந்தோனியைக் கொடியவனாகவே எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. தாயையும் தந்தையையும் இழந்து, இளவயதிலேயே குடும்ப பாரத்தைச் சுமந்தவன் அவன். புத்தகம் சோறு போடாது என்று எண்ணுகிற அண்ணன்மார் நம் குடும்பங்களிலும் இல்லையா?

வீட்டில் சண்டை முற்றியபோது, தாய் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு பன்னிரண்டு வயது மகனை வேலை தேடி அனுப்பினார். மோலியா குடும்பத்தின் பண்ணையில் மாடு மேய்த்தபடி, கையில் புத்தகத்தோடு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைக் கழித்தான் யோவான். பிறகு கலோசோ என்ற முதிய குருவானவர் அவனுக்கு இலத்தீன் கற்பிக்க முன்வந்தார். ஓராண்டுக்குள் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச முடியாத நிலையில் தம் பணப்பெட்டியின் சாவியைச் சிறுவனின் கையில் கொடுத்து, அது அவனுக்கே உரியது என்று சைகையால் காட்டினார். அதில் ஆறாயிரம் லீரா இருந்தது. அவன் குருவாகும் வரை படிக்க அது போதும். 1830 நவம்பரில் அவர் இறந்தபின் உறவினர்கள் வந்தார்கள். யோவான் சாவியை அவர்களிடமே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினான்.

1831-ல் கியேரி நகரப் பள்ளியில் சேர்ந்தபோது அவனுக்கு வயது பதினாறு. தன்னைவிட மிகச் சிறிய பிள்ளைகளோடு கீழ் வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. சேருவதற்கு முன் தன் ஊரில் வீடு வீடாகப் போய் முட்டை, தானியம் என்று உதவி கேட்டிருந்தான். தங்குவதற்கு ஒரு விதவைத் தாயின் வீடு கிடைத்தது. அவருடைய மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் வீட்டு வேலை செய்வதும் வாடகையில் கழிந்தன. பின்னர் ஒரு காபிக் கடையில் இடம் கிடைத்தது. அதிகாலையில் கடையைக் கூட்ட வேண்டும். மாலையில் பில்லியர்ட்ஸ் மேசையருகே நின்று புள்ளி எழுத வேண்டும். இனிப்புப் பலகாரம் சுடும் சிறிய அடுப்பின் மேலே, ஏணி வைத்து ஏறும் குறுகிய பொந்து ஒன்று அவனுடைய படுக்கையறை. காலை நீட்டினால் வெளியே தொங்கும். பசியோடு இருந்த நாள்களில், பழ வியாபாரக் குடும்பத்துப் பையன் ஒருவன் வீட்டிலிருந்து ரொட்டியும் பழமும் கொண்டுவந்து கொடுத்தான். இப்படித்தான் அவன் பள்ளிப் படிப்பை முடித்து 1835-ல் குருமடத்தில் சேர்ந்தான். 1841 சூன் 5 அன்று குருப்பட்டம் பெற்றார்.

துரின் நகரம் அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. மலைக்கிராமங்களிலிருந்து சிறுவர்கள் கொத்து வேலைக்கும் புகைபோக்கி துடைக்கவும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தந்தை கஃபாசோவின் வழிகாட்டுதலில் சிறைகளைச் சந்தித்த தொன் போஸ்கோ, விடுதலையான இளைஞர்கள் மீண்டும் உள்ளே வருவதைக் கண்டார். வெளியே அவர்களுக்கென்று யாரும் இல்லை, ஒரு கூரையும் இல்லை. 1846 உயிர்ப்பு ஞாயிறன்று வால்டோக்கோவில் பினார்தி என்பவருடைய கொட்டகை கிடைத்தது. நவம்பரில் தாய் மார்கரீத்தாவும் அங்கே வந்து சேர்ந்தார். தம் திருமணத் துணிகளையும் நகையையும் விற்று அடுப்பெரித்தார்.

முதல் முயற்சி தோல்வியில் முடிந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒரு நாள் இரவு, போக்கிடமற்ற சில இளைஞர்களை வைக்கோல் பரணில் படுக்க வைத்தார். விடிந்து பார்த்தால் ஆள்களும் இல்லை, போர்வைகளும் இல்லை. நாமாக இருந்தால் மறுநாள் கதவுக்குப் பெரிய பூட்டு வாங்கியிருப்போம்.

1847 மே மாதம், மழை கொட்டிய ஓர் இரவில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் நனைந்தபடி கதவைத் தட்டினான். வால்சேசியா பகுதியைச் சேர்ந்த அநாதை. கொத்து வேலை தேடி வந்தவன். கொண்டுவந்த மூன்று லீராவும் செலவாகிவிட்டது. சமையலறை நெருப்பின் அருகே செங்கற்களை அடுக்கி, மேலே பலகை வைத்து, மெத்தை விரித்துக் கொடுத்தார் மார்கரீத்தா. படுக்கும் முன் நல்ல வார்த்தைகள் சில சொன்னார். சலேசிய இல்லங்களில் இரவுதோறும் சொல்லப்படும் சிற்றுரை அங்கேதான் தொடங்கியது என்பார்கள். அதன்பின் வந்தவன், மரத்தில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன். முந்தின நாள்தான் தாய் இறந்திருந்தார். வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் பொருள்களை எடுத்துக்கொண்டு அவனை வெளியே தள்ளியிருந்தார்.

படுக்கையும் கஞ்சியும் கொடுத்ததோடு தொன் போஸ்கோ நின்றுவிடவில்லை. படிக்கக் கூடியவர்களைப் படிக்க வைத்தார். வால்டோக்கோவில் அப்போது பள்ளி இல்லை. காலையில் மாணவர்கள் நடந்தே நகருக்குள் போவார்கள். பொன்சானீனோ, பிக்கோ என்ற இரு ஆசிரியர்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்காக நடத்திய தங்கள் வகுப்புகளில் இந்த ஏழை மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். குளிருக்கு இராணுவத்தார் கழித்துவிட்ட பழைய மேலங்கிகள். அவற்றைப் போட்டுக்கொண்டு அந்தப் பணக்காரப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்காருவது எப்படி இருந்திருக்கும்! மாலையில் திரும்பினால் பொதுப் படிப்பறை, விளக்கு, கண்காணிக்க மூத்த மாணவர். தேர்வு மாதங்களில் பங்கு இல்லத் திண்ணை விளக்கின் கீழே வந்து படிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிற நமக்கு, அந்த விளக்கின் மதிப்பு தெரியும்.

தொழில் கற்றவர்களுக்காக முதலாளிகளோடு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினார். 1852-ல் ஒரு தச்சரோடு எழுதிய ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. பையனை அடிக்கக்கூடாது, தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக்கூடாது, ஞாயிறு விடுமுறை தரவேண்டும் என்பவை அதன் விதிகள். 1853 முதல் வீட்டிலேயே பட்டறைகள் வந்தன. 1855 முதல் வகுப்புகளும் ஒவ்வொன்றாக வந்தன. 1859-ல் வந்த காசாத்தி கல்விச் சட்டம், தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்கள்தான் கற்பிக்கலாம் என்றது. தொன் போஸ்கோ சட்டத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. தம்மிடம் வளர்ந்த இளைஞர்களையே பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிப் பட்டம் பெற வைத்தார்.

இவையெல்லாம் எளிதாக நடக்கவில்லை. பையன்கள் விளையாட்டில் காய்கறித் தோட்டத்தை மிதித்து நாசமாக்கி, துவைத்த துணிகளைச் சேற்றில் தள்ளினார்கள். களைத்துப்போன மார்கரீத்தா ஊருக்கே திரும்பிப் போவதாகச் சொன்னார். மகன் பதில் பேசாமல் சுவரில் தொங்கிய பாடுபட்ட சுருபத்தைக் காட்டினார். தாய் மீண்டும் அடுப்படிக்குப் போனார். 1856 நவம்பர் 25 அன்று இறக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார்.

1851-ல் தந்தையில்லாத பிள்ளையாக வந்து, பொன்சானீனோவின் வகுப்புக்கு நடந்துபோன கல்லியேரோ, 1875-ல் முதல் சலேசிய மறைப்பணியாளர்களை அர்ஜென்டினாவுக்கு அழைத்துச் சென்றார். 1915-ல் கர்தினால் ஆனார். தொன் போஸ்கோ 1888 சனவரி 31 அன்று வால்டோக்கோவில் இறந்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1906-ல், அவருடைய சபையினர் முதன்முதலாகத் தஞ்சாவூருக்கு வந்தார்கள். அங்கே அவர்கள் பொறுப்பேற்றது ஓர் அநாதைச் சிறுவர் இல்லம்.