ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர்

1877-இல் பிறந்த பாகவதர், இளமையிலேயே தந்தையை இழந்து மாமனிடம் வளர்ந்தார். ஹரிகதையாற் பெரும் புகழெய்தினார். மதுரையில் அவர் நிறுவிய இசைப்பள்ளியில் பயின்றவர்களுள் மதுரை மணி ஐயரும் ஒருவர்.

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அவையில் வித்வானாக அமர்ந்தபின், சாமுண்டேசுவரி மீது 108 கிருதிகள் இயற்றினார். அவை கன்னடத்தில் அமைந்தவை. தமக்குத் தாய்மொழியன்றெனினும், அந்நாட்டுத் தெய்வத்தை அந்நாட்டு மொழியிலேயே பாடினார். பல்லாண்டு குடியிருந்தும் இவ்வூர் மொழியைக் கடைத்தெருவளவிற்கே கற்றுள்ள நமக்கு இது சற்று நாணந் தருவதே.

ம, ப எனும் இரு சுரங்களுமற்ற நிரோஷ்ட ராகத்தைப் படைத்து, பாடுங்கால் இதழ்கள் ஒட்டாவண்ணம் அதிலொரு கிருதியும் அமைத்தார். (நம் வீட்டுப் பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று பாடிப் பார்க்கலாம்.)

1939-இல் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக்கழகத்தின் முதல்வரானார். 1943-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. 1945-இல் மைசூரில் மறைந்தார்.