குத்தகை விவசாயிகளை ஒன்றுசேர்த்த ஒரு கை மனிதர்: 1879-ல் அயர்லாந்தில் என்ன நடந்தது?

1879-ல் அயர்லாந்தில் மழை விட்டபாடில்லை. உருளைக்கிழங்கு வயலிலேயே அழுகியது. அமெரிக்கத் தானியம் வந்து குவிந்ததால், விளைந்த கொஞ்சத்துக்கும் நல்ல விலை இல்லை. ஆனால், குத்தகைப் பணத்தைக் குறைக்கப் பல நிலவுடைமையாளர்கள் தயாராக இல்லை. கட்ட முடியாதவர்கள் குடும்பத்தோடு தெருவுக்கு வர வேண்டியதுதான்.

சுமார் 30 ஆண்டுகளுக்கு முன்பு வந்த பஞ்சத்தில் 10 லட்சம் பேர் இறந்திருந்தார்கள். மறுபடியும் அதேதானா என்ற பயம் மேற்கே மேயோ மாவட்டம் முழுக்கப் பரவியது. அந்தப் பயத்தை ஓர் இயக்கமாக மாற்றியவர் மைக்கேல் டேவிட். அப்போது அவருக்கு வயது 33.

யார் இந்த டேவிட்?

மேயோவின் ஸ்ட்ரேட் கிராமத்தில் 1846-ல் பிறந்தவர். நான்கு வயதில், குத்தகை பாக்கிக்காக அவரது குடும்பம் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. ஏழைகள் விடுதிக்குப் போனார்கள். அங்கே பிள்ளையைத் தன்னிடமிருந்து பிரித்து வைப்பார்கள் என்று தெரிந்ததும், அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அடுத்து, பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள்.

அங்கே பஞ்சாலை வேலை. 11 வயதில் இயந்திரத்தில் சிக்கி வலது கை போனது. வேலைக்கு ஆகாது என்றானதால்தான் பள்ளிக்கூடம் போக முடிந்தது. பிறகு, ஆயுதப் புரட்சியை நம்பிய ரகசிய அமைப்பில் சேர்ந்தார். ஆயுதம் கடத்திய வழக்கில் 1870-ல் அவருக்கு 15 ஆண்டு சிறைத் தண்டனை. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1877 டிசம்பரில் நிபந்தனையுடன் வெளியே வந்தார்.

துப்பாக்கி இல்லாமல் என்ன செய்தார்?

ஒரு குத்தகை விவசாயி தனியாகப் போய்க் கேட்டால் நிலவுடைமையாளர் துரத்திவிடலாம். ஊரே சேர்ந்து கேட்டால்? டேவிட் கையில் எடுத்தது இந்தக் கணக்கைத்தான்.

1879 ஏப்ரல் 20-ல் மேயோவின் ஐரிஷ்டவுனில் முதல் கூட்டம். ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஏற்பாட்டில் முக்கியப் பங்கு டேவிட்டுக்கு இருந்தாலும், அன்று அவர் அங்கே இல்லை. வெளியேற்றப்படும் அபாயத்தில் இருந்த அந்தப் பகுதி விவசாயிகளுக்குச் சில நாட்களிலேயே குத்தகை 25 சதவீதம் குறைந்தது. அவ்வளவுதான், செய்தி காட்டுத்தீ போலப் பரவியது.

ஜூன் 8-ல் வெஸ்ட்போர்ட்டில் அடுத்த பெரிய கூட்டம். பேராயர் பெயரில் எதிர்ப்புக் கடிதம் வந்தும், நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் மேடையேறினார். அவரே ஒரு நிலவுடைமையாளர், அதுவும் புராட்டஸ்டன்ட். அவர் வந்தது ஏழை விவசாயிகளுக்குப் பெரிய தெம்பு.

அக்டோபர் 21-ல் டப்ளினில் ஐரிஷ் தேசிய நில லீக் உருவானது. தலைவர் பார்னெல், செயலாளர்களில் ஒருவர் டேவிட். நவம்பரில் ஒரு கூட்டத்தில் பேசியதற்காக டேவிட் கைதானார். ஆனால், அந்த வழக்கு நிற்கவில்லை.

பலன் கிடைத்ததா?

கிடைத்தது, ஆனால் அவர் கேட்டது முழுசாக இல்லை. நியாயமான குத்தகையை நீதிமன்றமே நிர்ணயிக்கவும், ஒழுங்காகக் கட்டுபவரை வெளியேற்றாமல் இருக்கவும் 1881-ல் சட்டம் வந்தது. அது நிறைவேறியபோது டேவிட் மீண்டும் சிறையில் இருந்தார். 1903-ல் வந்த சட்டம், அரசுக் கடன் மூலம் விவசாயிகள் நிலத்தைச் சொந்தமாக வாங்குவதை எளிதாக்கியது. நிலம் பொதுச் சொத்தாக வேண்டும் என்று விரும்பிய டேவிட்டுக்கு அதிலும் திருப்தி இல்லை. நிலவுடைமையாளர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று எதிர்த்தார்.

1906 மே மாதம் டப்ளினில் காலமானார். அவரை அடக்கம் செய்தது ஸ்ட்ரேட்டில். நான்கு வயதில் அவர் குடும்பத்துக்கு இடமில்லை என்று வெளியேற்றிய அதே ஊர்.