நன்றி மறவாத் தமிழ்த்தாத்தா

உ.வே. சாமிநாதர் 1855ஆம் ஆண்டு சூரியமூலையில் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். நிலையான வருவாய் இல்லாதவர். ஆயினும், மகனின் தமிழார்வம் தணியாவண்ணம் நல்லாசிரியர்களை நாடி ஊர்தோறும் குடிபெயர்ந்தார். முடிவில், மயிலாடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரனாரிடம் மகனை ஒப்படைத்தார்.

வேங்கடராமன் என்பதே அவருக்கு இடப்பட்ட பெயர். வீட்டார் அன்புடன் அழைத்த சாமிநாதன் என்னும் பெயரையே ஆசிரியர் விரும்பினார், அதுவே நிலைத்தது. பெற்ற மகனைப்போல் தம்மைப் பேணிய அவ்வாசிரியர் 1876இல் இறுதி மூச்சுவிட்ட வேளையில், அருகிருந்து திருவாசகம் ஓதியவர் சாமிநாதரே.

வறுமை சூழ்ந்த அக்குடும்பத்திற்கு 1880இல் விடிவு பிறந்தது. கும்பகோணம் கல்லூரியில் ஓய்வு பெற்ற தியாகராசர், தம் பணியிடத்தைச் சாமிநாதருக்குப் பெற்றுத் தந்தார். பின்னாளில் சென்னைத் திருவல்லிக்கேணியில் அமைந்த தம் இல்லத்திற்குத் தியாகராச விலாசம் எனப் பெயரிட்டு, அவ்வுதவியை நாள்தோறும் நினைந்தார் சாமிநாதர்.

சீவக சிந்தாமணி முதலிய நூல்களை ஏட்டிலிருந்து மீட்டுப் புகழ் பெற்றபோதும் ஆசிரியரை அவர் மறக்கவில்லை. எண்பதை நெருங்கிய முதுமையில், ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். 1942இல் மறைந்த அவர், பெற்ற அன்பைச் செயலால் திருப்பித் தருவதே நன்றி என வாழ்ந்து காட்டினார்.