கணிதமேதை இராமானுசன்: தெரிந்தெடுத்த பகுதியும் எஞ்சிய பகுதியும்

லாச்சப்பல் வீதிகளைக் கடந்து வாரந்தோறும் தமிழ் பயில வரும் நம் மாணவருள் மூத்தோர் சிலர், லிசேயின் இறுதியாண்டில் பகுதிகளாகத் தொகையிடல் என்னும் முறையைக் கற்கின்றனர். இரு சார்புகளின் பெருக்கத்தில் ஒன்றை வகையிடவும் மற்றதைத் தொகையிடவும் தெரிந்தெடுத்தல் வேண்டும். எக்ஸையும் சைன் எக்ஸையும் பெருக்கித் தொகையிடுங்கால், எக்ஸை வகையிட்டால் அது ஒன்றாகச் சுருங்கும். கணக்கு விரைவில் முடியும். மாற்றித் தெரிந்தால் எக்ஸின் வர்க்கம் தோன்றிக் கணக்கு வளரும். தெரிவே இம்முறையின் உயிர். அத்தகைய தெரிவைத் தம் வாழ்விலேயே செய்த தமிழர் ஒருவரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

சீனிவாச இராமானுசன் 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். 1903இல் கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று கைக்கு எட்டியது. அதன்பின் பிற பாடங்கள் கைநழுவின. 1904இல் பெற்ற கல்லூரி உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. வறுமையிலும் ஏடுகளில் சூத்திரங்களை நிரப்பினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913இல் கேம்பிரிட்சுக் கணித அறிஞர் ஆர்டிக்கு மடல் வரைந்தார். 1914இல் கடல் கடந்தார்.

1915இல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவரது கட்டுரையொன்று வெளிவந்தது. நேர்மாறு தான்சன் சார்பை அதன் மாறியால் வகுத்துத் தொகையிடுவதே அதன் பொருள். பூச்சியம் முதல் ஒன்று வரை இதனை நாமும் முயலலாம். நேர்மாறு தான்சனை வகையிடத் தெரிந்தால் அது எளிய பின்னமாகும், மற்றது மடக்கையாகும். எல்லைகளில் பெருக்கம் மறைய, எஞ்சும் தொகையீடு மட்டுமே விடை தரும். பாரிசு பொலிதெக்னிக்கில் பயின்ற கத்தலானின் பெயர் தாங்கிய, ஏறத்தாழ 0.916 ஆகிய மாறிலியே அவ்விடை. அது விகிதமுறு எண்ணா அன்றா என்பது இன்றும் நிறுவப்படவில்லை.

எஞ்சும் பகுதியைக் கணக்கில் கொள்ளாவிடில் விடை பிழைக்கும். இராமானுசன் வாழ்விலும் எஞ்சியது ஒன்றுண்டு. போர்க்காலத்தில் மரக்கறி உணவு அரிதாயிற்று, உடல் நலிந்தது. 1918இல் அரச கழக உறுப்பினராகும் பெருமை வந்தும், நோயுடனேயே 1919இல் தாயகம் மீண்டார். 1920 ஏப்பிரல் 26ஆம் நாள், 32ஆம் அகவையில் மறைந்தார். இறுதி ஆண்டில் நோய்ப்படுக்கையிலும் எழுதிய தாள்கள் 1976இல் கேம்பிரிட்சு நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, இன்றும் அறிஞர்க்குப் பணி தருகின்றன.

அன்பு மாணவர்களே, உமக்குரிய துறையைத் துணிந்து தெரிந்தெடுப்பீர். பெற்றோரும் ஆசிரியருமாகிய நாமோ, ஒரு பாடத்தில் ஒளிரும் பிள்ளையை ஏனைய பாடங்களின் புள்ளிகளால் மட்டும் அளவாதிருப்போம். அப்பிள்ளையின் உணவையும் உடல்நலத்தையும் எஞ்சிய பகுதியெனக் கருதிப் பேணுவோம். இராமானுசனுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாம்.